ராத்திரிப் புழுக்கம் பகலிலேயே ஆரம்பிக்கிறது

கோடையில் ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறைக் கதவைத் திறந்தால் முகத்தில் வெக்கை அடிக்கும். கொஞ்ச நேரம் முன்பு வாசலில் நின்றபோது அவ்வளவு சூடு தெரிந்திருக்காது. ஜன்னலைத் திறந்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டால் அரை மணியில் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. நள்ளிரவிலும் தலையணை சுடும். திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் சுடும். நாம் விரட்டப் பார்க்கிற சூட்டில் காற்றில் இருப்பது சொற்பம். மிச்சமெல்லாம் சுவரிலும் தளத்திலும் கட்டிலிலும் மெத்தையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி. அதற்குள் இருக்கும் காற்றின் எடை சுமார் 40 கிலோ. அந்தக் காற்றை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 40 கிலோஜூல் வெப்பம் போதும். அதே அறைக்கு மேலே 12 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் இருந்தால் அதன் எடை மூன்று டன்னுக்கு மேல். அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 2,800 கிலோஜூல் வேண்டும். அதாவது, தளம் ஒரு டிகிரி ஆறும்போது வெளிவருகிற வெப்பம், அறைக் காற்று வைத்திருப்பதைப் போல எழுபது மடங்கு. நாலு சுவரையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து காற்று முழுக்க மாறிய பிறகும் சற்று நேரத்தில் அறை பழையபடி ஆவதற்கு இதுதான் காரணம். புதிதாக வந்த காற்றையும் தளம் சூடாக்கிவிடுகிறது.

இதில் நேரக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. சுவரின் வெளிமுகத்தில் விழுகிற வெயில் உடனே உள்ளே வந்துவிடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க அதற்கு ஆறேழு மணி நேரம் ஆகும். மேலே சொன்ன கான்கிரீட் தளத்தைக் கடக்க மூன்று நான்கு மணி நேரம். மேற்குச் சுவரில் வெயில் சுள்ளென்று அடிப்பது மாலை நான்கு மணி வாக்கில். அந்த வெப்பம் உள்முகத்துக்கு வந்து சேரும்போது மணி பத்து, பதினொன்று ஆகியிருக்கும். நாம் படுக்கப் போகிற நேரமும் சுவர் வெப்பத்தைக் கக்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் கனலும் இரும்புக் கல் போலத்தான் அந்தச் சுவர். கைவைத்துப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம், வெப்பமானி காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது. அது சொல்வது காற்றின் வெப்பநிலையை. உடம்போ காற்றோடு மட்டும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்வதில்லை. சுற்றியிருக்கிற சுவர், கூரை, தரை என்று எல்லாப் பரப்புகளோடும் கதிர்வீச்சு வழியாகக் கொடுத்து வாங்குகிறது. காற்று அசையாத அறையில் நாம் உணர்கிற சூடு, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றுப் பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். காற்று 31 டிகிரி, பரப்புகள் 37 டிகிரி என்றால் உடம்புக்கு அது 34 டிகிரி. வெப்பமானியில் 31 என்று பார்த்துவிட்டு, “இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது?” என்று குழம்புகிறவர்கள் தலைக்கு மேலே உள்ள தளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆக, ராத்திரி பத்து மணிக்குச் செய்கிற வேலையில் பலன் குறைவு. பகலில் வெப்பம் ஏறாமல் தடுப்பதும் விடியற்காலையில் ஏறியதை இறக்குவதும்தான் பெரிய வேலை.

வெயிலை வெளியிலேயே நிறுத்துவது

ஜன்னலிலிருந்து ஆரம்பிக்கலாம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். அந்த வெயில் பட்டுச் சூடான தரையும் மேசையும் வெளிவிடுகிற வெப்பக் கதிரை வெளியே விடாது. உள்ளே ஏறியது உள்ளேயே தங்குகிறது. கனமான திரை போட்டிருக்கிறோமே என்றால், அந்தத் திரை இருப்பது கண்ணாடிக்கு உள்பக்கம். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையில் பட்டு, திரை சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்தான் பரவுகிறது. திரைக்கு வெளிப்பக்கம் வெள்ளைத் துணி தைத்திருந்தால் ஒரு பங்கு வெயில் திரும்பி வெளியே போகும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்ட தட்டியோ, ஷேட் நெட்டோ, மரக்கதவோ செய்கிற வேலையை விலை உயர்ந்த உள்திரை செய்யாது. தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருந்தால் அது எவ்வளவு சூடானாலும் அந்தச் சூட்டை வெளிக்காற்று கொண்டுபோகும். இந்த ஒரு விஷயத்தில்தான் மக்கள் அதிகம் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

மேற்கு ஜன்னல் தனிப் பிரச்சினை. உச்சி வெயிலை ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கிற சிமென்ட் சன்ஷேடு தடுத்துவிடும். மாலைச் சூரியன் தாழ்வாக வந்து அதன் அடியில் நுழைந்துவிடும். அதனால் மேற்கிலும் கிழக்கிலும் மேலிருந்து நீளும் நிழலை விட, செங்குத்தாக நிற்கிற தடுப்புத்தான் பயன்படும்: தட்டி, கொடி படர்ந்த கம்பிவலை, கொஞ்சம் தள்ளி ஒரு மரம். மரம் நிழலோடு நிற்பதில்லை. இலைகள் வழியாக நீரை ஆவியாக்கிச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் கொஞ்சம் குறைக்கும். கிழக்கு வெயில் அவ்வளவு கெடுதல் இல்லை. அது கொண்டுவந்த வெப்பம் ஆறுவதற்கு மாலை வரை நேரம் கிடைக்கிறது.

மேல்தளத்தில் படுக்கிறவர்களுக்கு ஜன்னலை விடக் கூரைதான் முக்கியம். தெளிந்த வானத்தில் உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர் கூரையில் 900 முதல் 1,000 வாட் வரை வெயில் விழுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது பதினொரு சதுர மீட்டர். அறைக்கு மேலே பத்து மின் அடுப்பை ஏற்றி வைத்ததற்குச் சமம் அது. கறுத்துப் பாசி படிந்த தளம் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்; புதிதாக வெள்ளையடித்த தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெறுங்காலால் இரண்டிலும் நடந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெள்ளையிலும் தூசி படியும், மழையில் அது கரையும் என்பதால் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் அதைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

இங்கே பலருக்கு வியப்பைத் தருகிற ஒன்று உண்டு. பளபளக்கும் தகரம் வெள்ளைச் சாயத்தை விட நன்றாக வேலை செய்யும் என்று தோன்றும். வெயிலைத் திருப்புவதில் தகரம் கெட்டிதான். ஆனால் பளபளக்கும் உலோகத்துக்குத் தன் வெப்பத்தைக் கதிராக வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. உறிஞ்சிய கொஞ்சத்தையும் விட்டுத்தள்ள முடியாமல் அது கொதித்துக்கொண்டிருக்கும். வெள்ளைச் சாயமோ வெயிலையும் திருப்பும், ஏறிய வெப்பத்தையும் வானத்துக்கு விட்டுவிடும். அதனால் தகரக் கூரை போட்டவர்களும் அதன் மேல் வெள்ளை அடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

தளத்துக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு நிழல்வலை கட்டுவது இன்னும் நல்லது. அந்த இடைவெளிதான் உயிர்நாடி. வலையின் சூடு தளத்தைத் தொடாமல் காற்றோடு போய்விடும். ராத்திரியில் வலையைச் சுருட்டிவிட முடிந்தால் இன்னொரு லாபம். மேகமில்லாத, வறண்ட ராத்திரியில் திறந்த தளம் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 வாட் வரை வெப்பத்தை நேரே வானத்துக்குக் கதிர்வீசி இழக்கும். விடிகாலையில் தளத்தின் மேற்பரப்பு சுற்றியிருக்கிற காற்றை விடக் குளிர்ந்து பனித்துளி பூப்பது இதனால்தான். மேகம் மூடிய ராத்திரியில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. மழைக்கு முந்தைய ராத்திரிகள் அவ்வளவு மோசமாக இருப்பதற்கு ஈரப்பதத்தோடு இதுவும் ஒரு காரணம்.

மாலையில் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது வீண் வேலையா? ஊற்றுகிற விதத்தைப் பொறுத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மேலே பார்த்த தளத்தை ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறக்க அது போதும். ஆனால் குடம் குடமாக ஊற்றினால் பெரும்பகுதி வடிகுழாய் வழியே ஓடிவிடும். வெயில் சாய்ந்த பிறகு சாக்கை விரித்து, அதை நனைத்து, காய்ந்ததும் திரும்ப நனைத்தால் ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் வேலை செய்யும். தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்கிற இடத்தில் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. துணி அலசிய கடைசித் தண்ணீர் இதற்குப் போதும்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது

பகலில் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ராத்திரியில் கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து மூடுகிறோம். வெப்பத்தைப் பொறுத்தவரை இது தலைகீழ். விதி எளிமையானது: வெளிக்காற்று உள்காற்றை விடச் சூடாக இருக்கும்போது மூடு, குளிர்ந்ததும் திற. இரண்டு சாதாரண வெப்பமானிகளை, உள்ளே ஒன்றும் வெளியே நிழலில் ஒன்றும் மாட்டிவிட்டால் ஊகிக்கத் தேவையில்லை. காலையில் எட்டு ஒன்பது மணிக்குள் வெளிவெப்பம் உள்வெப்பத்தைத் தாண்டிவிடும்; திரும்ப இறங்க ராத்திரி ஆகிவிடும். பகலில் மூடிய அறையில் ஆள் இருந்தால் காற்று தேங்கி எரிச்சலாக இருக்கும் என்பதும் உண்மை. படுக்கையறையில் பகலில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை என்பதால் அதை மட்டுமாவது மூடி இருட்டாக வைத்துவிடலாம்.

ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு இல்லை, சூரியன் உதிக்கிற தறுவாய். அதனால் தளத்தையும் சுவரையும் ஆறவிட மிகவும் உகந்த பொழுது விடிகாலை மூன்று மணியிலிருந்து ஆறு ஆறரை வரை. இந்தச் சமயத்தில் வீட்டில் உள்ள எல்லா ஜன்னலையும் திறந்து, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்படி விட்டால் அடுத்த ராத்திரிக்கு இப்போதே ஏற்பாடு செய்ததாகும். எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெளிக்காற்று 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்து, அறைக் காற்று மணிக்குப் பத்துமுறை முழுதாக மாறினால், ஒரு மணி நேரத்தில் சுமார் 2,000 கிலோஜூல் வெளியேறும். தளத்தில் ஒரு டிகிரி கூட முழுசாக இறங்காது. பல மணி நேரம் திறந்திருக்க வேண்டிய காரணம் புரிகிறதல்லவா?

தானாகக் காற்று ஓடாத அறையில் ஃபேனுக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். டேபிள் ஃபேனை ஜன்னலோரம், முகம் வெளியே பார்க்கும்படி வைத்தால் அது உள்காற்றை வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப வீட்டின் வேறு பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும். அந்த வேறு பக்கம் சமையலறையாகவோ கழிப்பறையாகவோ இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதவுகளைச் சாத்திவிட்டு, நிழல் விழுகிற திசையிலுள்ள ஜன்னலைத் திறக்க வேண்டும். வீட்டில் மாடிப்படி இருந்தால் கீழே ஒரு ஜன்னலும் உச்சியில் ஒரு ஜன்னலும் திறந்தாலே போதும். சூடான காற்று லேசாகி மேலேறி வெளியே போக, கீழே குளிர்காற்று தானாக நுழையும். கொசுவலை அடித்த ஜன்னலில் காற்றோட்டம் கணிசமாகக் குறையும். தூசி படிந்த வலையில் இன்னும் மோசம். வலையைக் கழுவுவது அற்பமான யோசனையாகத் தோன்றினாலும் பலன் உடனே தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கனத்த சுவர், கனத்த தளம் உள்ள வீடுகளுக்கு. தகரமோ, சிமென்ட் அட்டையோ, மெல்லிய பலகையோ போட்ட வீட்டில் கதை வேறு. அங்கே வெப்பத்தைச் சேர்த்துவைக்க எடையே இல்லை. பகலில் உள்ளே இருக்க முடியாது. ஆனால் சூரியன் மறைந்த ஒன்றிரண்டு மணியில் கூரை ஆறிவிடும். பகலில் மூடிவைப்பதால் அங்கே லாபம் ஏதுமில்லை, உள்ளே ஏறுகிற சூட்டுக்கு வெளியேற வழி விடுவதே மேல். ராத்திரியில் நன்றாகத் திறந்துவிட்டால் கான்கிரீட் வீட்டை விட அது சுகமாக இருப்பதுண்டு.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை. வீட்டுச் சுவர் செய்வதையே ஊர் முழுக்க இருக்கிற தார்ச்சாலையும் கட்டடங்களும் செய்கின்றன. லண்டன் நகரின் வெப்பநிலையைப் பல ஆண்டுகள் குறித்து வைத்து, 1818-இல் வெளியிடத் தொடங்கிய லூக் ஹோவர்டு என்பவர், நகரம் சுற்றுப்புறக் கிராமத்தை விட ராத்திரியில் சராசரியாக 2 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருப்பதைக் கண்டார். பகலில் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. ஏசியும் காரும் இல்லாத காலத்து லண்டன் அது. இன்றைய பெருநகரங்களில் இந்த இடைவெளி இதைவிடப் பல டிகிரி அதிகமாக ஆவதும் உண்டு. இதோடு, கடந்த நூற்றாண்டில் உலகின் பெரும்பகுதியில் பகலை விட ராத்திரிதான் வேகமாகச் சூடேறியிருக்கிறது. வெளியே 30 டிகிரிக்குக் கீழே இறங்காத ராத்திரியில் ஜன்னலைத் திறந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அப்போதைக்கு அறையை விட்டுவிட்டு உடம்பைக் கவனிக்க வேண்டியதுதான்.

உடம்பின் பக்கத்திலிருந்து

தூக்கத்துக்கும் வெப்பத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒவ்வொரு ராத்திரியும் நம் உடம்பின் உள்வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்குகிறது. மாலையில் இறங்கத் தொடங்கி, விழிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அடிமட்டத்தைத் தொடும். இந்த இறக்கத்துக்கு உடம்பு பயன்படுத்துகிற வழி கையும் காலும். அங்கே தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளேயிருந்து வெப்பத்தைக் கொண்டுவந்து வெளியே விடுகின்றன. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பாதம் சூடாகிற அளவுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று கண்டார்கள். பாதம் சூடாகிறது என்றால் உள்ளேயிருக்கும் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அறை சூடாக இருந்தால் இந்த வழி அடைபடுகிறது. விடிகாலையில் அதிகமாக வருகிற கனவுத் தூக்கத்தின்போது வியர்வை சுரப்பது போன்ற வெப்பக் கட்டுப்பாடுகளும் தளர்ந்துவிடுவதால், அந்த நேரத்தில் சூடு நம்மைச் சுலபமாக எழுப்பிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டால் சில பழக்கங்கள் தலைகீழாகத் தெரியும். படுக்கப் போகும் முன் ஐஸ் போன்ற தண்ணீரில் குளித்தால் அந்த நிமிடம் சுகம். ஆனால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதால் உள்வெப்பம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் குப்பென்று வேர்க்கும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி வரையான வெந்நீரில் குளிப்பது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவருகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. கொளுத்துகிற கோடையில் வெந்நீர் என்றால் யாரும் அடிக்க வருவார்கள். வெதுவெதுப்பான நீரில் குளித்து, முழுக்கத் துவட்டாமல் ஃபேனடியில் நிற்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அதுவும் முடியாவிட்டால் பாதத்தையும் முன்கையையும் நனைத்துக்கொண்டு படுத்தால் போதும். வெப்பம் வெளியேறுகிற வாசல் அங்கேதானே இருக்கிறது.

ஃபேன் அறையைக் குளிரச் செய்வதில்லை. பழைய வகை சீலிங் ஃபேன் 70 வாட் வரை மின்சாரம் எடுக்கும், அதெல்லாம் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் சூடு கூடும். அது உதவுவது நம் தோலுக்கு. தோலை ஒட்டி நிற்கிற சூடான, ஈரமான காற்றுப் படலத்தைக் கலைத்து, வியர்வை ஆவியாக வழி செய்கிறது. உறங்குகிற மனித உடம்பு விடுகிற வெப்பம் சுமார் 75 வாட். மணிக்கு 100 மில்லிலிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் அதில் 67 வாட் போய்விடும். வழிந்து விரிப்பில் ஊறுகிற வியர்வையால் இந்தப் பலன் கிடைக்காது, அதனால்தான் காற்று அசைய வேண்டியிருக்கிறது.

மேல்தளத்தில் இருப்பவர்கள் “ஃபேனைப் போட்டால் அனல் கொட்டுகிறது” என்பார்கள். பிரமை இல்லை. சுடும் தளத்தின் அடியில் தேங்கியிருக்கிற சூடான காற்றைச் சீலிங் ஃபேன் கீழே இறக்கி நம் மேல் போடுகிறது. தளம் ஆறும்வரை அதை அணைத்துவிட்டு, தரை மட்டத்திலிருந்து காற்றை எடுக்கிற டேபிள் ஃபேனையோ ஸ்டாண்ட் ஃபேனையோ ஓட்டுவது புத்திசாலித்தனம். காற்றே 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், அது தோலை விடச் சூடு. ஃபேன் அப்போது வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நன்றாக வேர்க்கிறவருக்கு ஆவியாவதில் கிடைக்கிற லாபம் பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். வயதானவர்களுக்கு வியர்வை குறைவு. அவர்களுக்கு ஃபேனோடு ஈரத்துணியும் தேவை.

ஜன்னலில் ஈரத்துணி கட்டுவது, ஏர்கூலர் வைப்பது எல்லாம் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட இடத்தில், நீர் ஆவியாவதால் காற்று 22 டிகிரி வரைக்கும் இறங்க வாய்ப்பு இருக்கிறது. 32 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரத்தில் 29 டிகிரிக்குக் கீழே போகவே முடியாது. அந்த மூன்று டிகிரிக்காக அறையில் இன்னும் ஈரத்தை ஏற்றினால் வியர்வை காயாமல் பிசுபிசுக்கும். வறண்ட இடத்திலும்கூட ஒரு ஜன்னல் திறந்திருந்தால்தான் கூலர் வேலை செய்யும்.

ஃபேனுக்கு முன்னால் ஐஸ் கிண்ணம் வைக்கிற யோசனை ஒவ்வொரு கோடையிலும் யாராவது சொல்வார்கள். இரண்டு கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் 30 டிகிரிக்கு வருவதற்குள் சுமார் 900 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். உறங்குகிற ஒருவர் மூன்று மணி நேரம் சொச்சத்தில் வெளிவிடுகிற வெப்பம் அது. இதை உறைய வைத்த ஃப்ரிட்ஜ் அதைவிட அதிக வெப்பத்தை அதே வீட்டுக்குள் ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது. ஒரு டன் ஏசி மணிக்கு 38 கிலோ ஐஸ் உருகுகிற அளவு வெப்பத்தை எடுக்கிறது என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் கிண்ணத்தின் சாமர்த்தியம் தெரிந்துவிடும். அந்த ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் மணிக்கட்டிலும் வைத்துக்கொண்டால் பலன் அதிகம்.

ஏசி இருக்கிறவர்களுக்கும் சுவர்தான் பிரச்சினை. போட்டதும் காற்று சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும், ஆனால் அணைத்த கொஞ்ச நேரத்தில் பழையபடி புழுங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஏசி பெரும்பாலும் சுவரோடும் தளத்தோடும்தான் மல்லுக்கட்டுகிறது. 18 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது உண்மையில்லை. சாதாரண ஏசி குளிர்விக்கிற வேகம் ஒன்றுதான். எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. 26 அல்லது 27-இல் வைத்து மெதுவாக ஃபேனையும் ஓட்டினால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலவே இருக்கும், மின்சாரமும் மிச்சம். வெள்ளையடித்த தளத்துக்குக் கீழே ஓடுகிற ஏசிக்கு வேலையும் குறைவு.

படுக்கையைப் பற்றிச் சுருக்கமாக: தடித்த நுரை மெத்தை முதுகுப் பக்கம் வெப்பத்தைப் பூட்டி வைத்துவிடும், வியர்வையும் காயாது. அடியில் காற்று புகுகிற, நாடா பின்னிய கட்டிலும் மெல்லிய பருத்தி விரிப்பும் கோடைக்கு ஏற்றவை. தரை குளிர்ந்திருக்கிற கீழ்த்தளத்தில் பாயில் படுப்பதற்கு ஈடு இல்லை. காரணம், நிலத்தோடு ஒட்டிய தரை பகல் வெயிலைப் பார்ப்பதே இல்லை.

இது வெறும் சௌகரியப் பிரச்சினையும் இல்லை. 2003 ஆகஸ்டில் பிரான்சைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தை விட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். வீட்டில் இறந்த முதியவர்களைப் பற்றிப் பின்னால் நடந்த ஆய்வில், கூரைக்கு நேர் கீழே இருந்த படுக்கையறையும் வெப்பக் காப்பு இல்லாத கட்டடமும் ஆபத்தை அதிகரித்த காரணங்களாகத் தெரியவந்தன. பகலில் ஏறிய சூட்டை ராத்திரியில் இறக்க முடியாத உடம்பு, மறுநாள் வெயிலை அந்தப் பாக்கியோடு எதிர்கொள்கிறது. வெப்ப அலையின்போது அறையைப் பகலில் 32 டிகிரிக்குள்ளும் ராத்திரியில் 24 டிகிரிக்குள்ளும் வைத்திருக்க முயலும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஏசி இல்லாத வெப்பநாட்டு வீடுகளில் இந்த 24 எட்டாக் கனி என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எட்டாவிட்டாலும், சிறுநீரைக் கூட்டும் மாத்திரையோ வியர்வையைக் குறைக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் ஆகியோரை ராத்திரியில் ஒருமுறையாவது எழுந்து பார்க்க வேண்டும். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறினால் தூங்கவிடக் கூடாது; நனைத்து, விசிறி, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மேல்மாடி அறையில் தாத்தாவோ பாட்டியோ படுக்கிறார்கள் என்றால் தளத்துக்கு வெள்ளை அடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கட்டிலை இன்றைக்கே கீழே இறக்கி, மேற்குச் சுவரை ஒட்டாமல் போட்டுவிடலாம்.